கரூர் கம்பெனிக்குச் சிங்கப்பூரில் ஒரு வங்கிக் கணக்கு

எங்கள் சிங்கப்பூர் கம்பெனி பதிவாக இரண்டு நாள் ஆனது. அதற்கு ஒரு வங்கிக் கணக்கு கிடைக்க ஐந்து மாதம் ஆனது. 2025 மார்ச்சில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்த அந்த அலைச்சலில் நான்கு இடங்களோடு பழகினேன். கம்பெனியைப் பதிவு செய்து கொடுத்த ஏஜென்ட், மறுத்த முதல் வங்கி, இடையில் கைகொடுத்த ஒரு பணப்பட்டுவாடா ஆப், கடைசியில் கணக்குக் கொடுத்த இரண்டாவது வங்கி. கரூரிலும் திருப்பூரிலும் இருந்து மாதம் இரண்டு பேராவது போன் போட்டு இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதைவிட இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

பெயர்களைப் போடவில்லை. எனக்கு மறுத்த அதே வங்கி, வெண்ணெய்மலைப் பக்கம் யூனிட் வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவருக்கு மூன்று வாரத்தில் கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறது. எங்கே போனேன் என்பதைவிட எதைக் கையில் கொண்டுபோனேன் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது.

முதலில், எதற்கு இந்தக் கணக்கு? எங்களுடையது கிச்சன் டவல், டேபிள் நேப்கின், ஏப்ரன் செய்யும் குடும்பத் தொழில். அப்பா 1984-இல் நான்கு விசைத்தறியோடு ஆரம்பித்தது. ஐரோப்பாவுக்கு பையிங் ஏஜென்ட் மூலமாக, தூத்துக்குடி வழியாகக் கண்டெய்னர் கணக்கில் சரக்கு போகும். சிங்கப்பூர் வியாபாரம் வேறு மாதிரி வந்தது. ஒரு உணவகக் குழுமம் மாதம் அறுநூறு நேப்கின் கேட்டது. அவர்களைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் இரண்டு சர்வீஸ் அபார்ட்மென்ட்காரர்கள். எல்லாம் சின்னச் சின்ன ஆர்டர். அவர்களுக்கு வேண்டியது நாளைக் காலையில் சரக்கு, உள்ளூர் பில், மாதக் கடைசியில் பேநவ்வில், அதாவது நம் யுபிஐ மாதிரி அந்த ஊர் உடனடிப் பணப் பரிமாற்றத்தில், ஒரு தட்டு. எண்ணூறு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், பில்லுக்கு இந்தியாவுக்கு டிடி (வங்கி வழியாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) அனுப்பு என்றால், அனுப்பும் கட்டணத்தையும் அந்தப் படிவத்தையும் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வார்கள். இரண்டு பேரை அப்படி இழந்தேன்.

யுபிஐயும் பேநவ்வும் இணைந்துவிட்டதே என்று பலர் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரி 21-இல் இணைத்தார்கள், உண்மைதான். அது தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்ப. கம்பெனி பில்லுக்கு உதவாது. கம்பெனிக்கு அங்கே யூஇஎன் என்கிற பதிவு எண் வேண்டும், அந்த எண்ணோடு பேநவ் இணைக்கிற கணக்கு வேண்டும்.

ஏஜென்ட் பற்றி

வெளிநாட்டில் இருப்பவர் தானே உட்கார்ந்து அங்கே கம்பெனி பதிவு செய்ய முடியாது. பதிவு பெற்ற ஏஜென்ட் மூலமாகத்தான் போக வேண்டும். அரசுக் கட்டணம் பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. மீதி எல்லாம் ஏஜென்ட் வாங்குவது. குறைந்தது ஒரு இயக்குநராவது சிங்கப்பூரில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பது அங்கத்திய கம்பெனிச் சட்டம். ஆறு மாதத்துக்குள் கம்பெனி செக்ரட்டரி ஒருவரை நியமிக்க வேண்டும். பதிவு முகவரி வேண்டும், தபால் பெட்டி எண் செல்லாது. எங்களுக்கு அங்கே குடியிருக்கும் சொந்தக்காரர் யாரும் இல்லாததால் நாமினி டைரக்டர் (அந்தச் சட்டத்துக்காகப் பெயர் கொடுக்கும் உள்ளூர் இயக்குநர்), செக்ரட்டரி, முகவரி மூன்றையும் ஏஜென்டிடமே வாங்கினோம். முதல் வருஷத்துக்கு 3,100 வெள்ளி, நாமினி டைரக்டருக்குத் திருப்பித் தரும் வைப்புத் தொகை 2,000 வெள்ளி.

பதிவு வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள். செவ்வாய்க்கிழமை தாள் அனுப்பினேன், வியாழக்கிழமை மதியம் யூஇஎன் எண் வந்துவிட்டது. தமிழ் பேசும் பையன் ஒருவர்தான் எங்கள் ஃபைலைப் பார்த்தார். "அக்கா, அப்பாவோட பாஸ்போர்ட்ல கடைசிப் பக்கமும் ஸ்கேன் பண்ணிடுங்க" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

குறை, பேக்கேஜில் "வங்கிக் கணக்கு உதவி" என்று போட்டிருந்தார்களே, அங்கே. உதவி என்பது ஒரு இணையப் படிவத்தை எனக்காக நிரப்பி அனுப்பியது மட்டும்தான். அதில் தொழில் என்ற இடத்தில் "பலவகைப் பொருள் மொத்த வியாபாரம்" என்ற குறியீட்டைப் போட்டிருந்தார்கள். பிற்காலத்தில் என்ன விற்றாலும் இடிக்காது என்பது அவர்கள் யோசனை. எதிர்பார்க்கும் வருஷ வரவு 20 லட்சம் வெள்ளி. வியாபாரம் நடக்கும் நாடுகள் என்ற இடத்தில் இந்தியா, சிங்கப்பூரோடு துபாய், கென்யா, நைஜீரியா. நான் என்றைக்காவது அங்கே விற்க ஆசை என்று பேச்சுவாக்கில் சொன்னது படிவத்தில் ஏறிவிட்டது. நான் அதை வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இந்த ஒரு கையெழுத்துக்கு ஏழு வாரம் விலை கொடுத்தேன். ஏஜென்டுக்கு என் மதிப்பு: பதிவுக்கு நிச்சயம் பரிந்துரைப்பேன், வங்கிப் படிவத்தை அவர்கள் கையில் விடாதீர்கள்.

முதல் வங்கி

ஏப்ரல் முதல் வாரத்தில் விண்ணப்பம் போனது. இருபது நாள் சத்தமே இல்லை. அப்புறம் இருபது நிமிஷ வீடியோ கால். பேசிய பெண் மரியாதையாகத்தான் கேட்டார். என்ன பொருள், யாரிடம் வாங்குவீர்கள், யாருக்கு விற்பீர்கள். நான் நேப்கின், டவல் என்றேன். அவர் எதிரே இருந்த படிவத்தில் "பலவகைப் பொருள்" என்று இருந்தது. நான் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வெள்ளி வரும் என்றேன். அவர் பார்த்த தாளில் 20 லட்சம். நான் உணவகங்கள் என்றேன். தாளில் நைஜீரியா. அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. மே கடைசியில் இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. உங்கள் விண்ணப்பத்தை மேற்கொண்டு எடுத்துச் செல்ல இயலவில்லை. காரணம் இல்லை, கேட்டாலும் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நாற்பது வருஷம் ஒரு செக் திரும்பாமல் நடத்திய குடும்பம். கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அந்த ஊர்ச் செய்திகளை உட்கார்ந்து படித்தேன். 2023 ஆகஸ்ட் 15-இல் சிங்கப்பூர் போலீஸ் ஒரே நாளில் பல வீடுகளில் புகுந்து பத்து வெளிநாட்டவரைப் பிடித்தது. சம்பந்தப்பட்ட சொத்தும் பணமும் 300 கோடி வெள்ளியைத் தாண்டியது. அவர்களில் சிலர் வங்கிகளுக்குப் போலித் தாள்கள் கொடுத்த குற்றத்துக்கும் தண்டனை வாங்கினார்கள். அந்த விவகாரத்தில் 2025 ஜூலையில் சிங்கப்பூரின் மத்திய வங்கியான நாணய ஆணையம் ஒன்பது நிதி நிறுவனங்களுக்குச் சேர்த்து 2 கோடியே 74.5 லட்சம் வெள்ளி அபராதம் போட்டது. வெளிநாட்டுக்காரர், அங்கே குடியில்லை, நாமினி டைரக்டர், பலவகை வியாபாரம், ஐந்து நாடு. இந்த ஐந்தும் சேர்ந்து ஒரு ஃபைல் மேஜைக்கு வந்தால் கிளையில் இருக்கும் அதிகாரி என்ன செய்வார்? அந்த இடத்தில் நான் இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். காரணத்தை ஒரு வரி சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது. சொல்லியிருந்தால் மறுநாளே திருத்தியிருப்பேன்.

இடையில் வந்த ஆப்

ஜூனில், பில் நிலுவை மூன்று மாதம் ஏறியபோது, பணப்பட்டுவாடா நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறந்தேன். நாலு நாளில் முடிந்தது. கரூரில் உட்கார்ந்தபடியே, பாஸ்போர்ட்டும் முகமும் காட்டியது மட்டும்தான். பல நாணயத்தில் வைக்கலாம், மாற்று விலையும் நியாயம். இரண்டு வாடிக்கையாளர்கள் உடனே அதில் போட்டார்கள். இந்த வேலைக்கு அதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் அது வங்கி கிடையாது. சிங்கப்பூரில் வங்கியில் இருக்கும் வெள்ளிப் பணத்துக்கு ஒரு வங்கிக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2024 ஏப்ரலில்தான் 75,000-இலிருந்து அந்த அளவுக்கு உயர்த்தினார்கள், கம்பெனிக்கும் பொருந்தும். டாலர், யூரோ கணக்குக்குக் கிடையாது. ஆப்பில் இருக்கும் பணத்துக்கும் கிடையாது. அவர்கள் நம் பணத்தைத் தனியாகப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, காப்பீடு என்பது வேறு. எனக்கு இன்னொரு சிக்கலும் வந்தது. பங்கு மூலதனத்தை இங்கிருந்து அனுப்பப் போனபோது, பெறுகிறவர் பெயரில் எங்கள் கம்பெனி பெயருக்கு முன்னால் அந்த நிறுவனத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் இந்திய வங்கி அதை ஏற்கவில்லை. மூலதனம் போகாமல் கம்பெனி எப்படி ஓடும்?

இந்தியப் பக்கம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதை யோசிக்கவே இல்லை. நம் கம்பெனி வெளிநாட்டில் ஒரு கம்பெனியில் பங்கு வாங்குவது வெளிநாட்டு முதலீடு. 2022 ஆகஸ்ட் 22-இல் வந்த புதிய விதிகளின்படி, நிகர மதிப்பில் 400 சதவீதம் வரை ரிசர்வ் வங்கியிடம் தனி அனுமதி கேட்காமல் போகலாம். ஆனால் நம் வங்கி மூலமாக எஃப்சி என்கிற வெளிநாட்டு முதலீட்டுப் படிவம் கொடுத்து, அந்த முதலீட்டுக்கு யூஐஎன் என்கிற தனி அடையாள எண் வாங்கிய பிறகுதான் முதல் ரூபாய் வெளியே போகலாம். பங்குச் சான்றிதழை ஆறு மாதத்துக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை, ஜூலை 15-க்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்எல்ஏ என்கிற வெளிநாட்டுக் கடன், சொத்து அறிக்கை. தனி ஆளாக முதலீடு செய்பவர்களுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்ற வரம்பு வேறு, வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையும் உண்டு.

எங்கள் கரூர் கிளையில் இந்த வேலையை அதுவரை யாரும் செய்ததில்லை. ஃபைல் கோயம்புத்தூர் அந்நியச் செலாவணிக் கிளைக்குப் போய்த் திரும்பி வர ஒரு மாதம். மேனேஜர் நல்ல மனிதர், "மேடம், நானும் உங்களோட சேர்ந்துதான் கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தாளையும் அவரே போனில் விசாரித்து முடித்தார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மச்சானுடைய கார்டிலோ தெரிந்தவர் கையிலோ மூலதனத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். பின்னால் சரக்கு விற்ற லாபத்தை இந்தியாவுக்குக் கொண்டுவரும்போது அது எங்கே முளைத்த பணம் என்று காட்ட முடியாது.

பெயரும் முகவரியும்

நமக்கென்றே இருக்கும் தொல்லை இது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே வரியில் இருக்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் இனிஷியல் விரிந்து பின்னால். அப்பாவுக்கு இன்னும் மோசம். அவர் பெயர் கம்பெனிப் பதிவில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம், ஆங்கில எழுத்துக்கூட்டில் ஒரு ஹெச் வேறு கூட. இந்தியக் கம்பெனியில் அப்பாவுக்கு 40 சதவீதம் பங்கு. 25 சதவீதத்துக்கு மேல் யார் யார் கையில் இருக்கிறது என்று உண்மையான உரிமையாளர்வரை வங்கி போய்ப் பார்க்கும். ஆகவே 74 வயதான அவருடைய தாள்களும் முழுசாக வேண்டியிருந்தது.

முகவரிக்கு மூன்று மாதத்துக்குள் வந்த ஒரு பில் கேட்டார்கள். எங்கள் வீட்டு ஈபி கார்டு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. தாத்தா போய் இருபத்திரண்டு வருஷம். கேஸ் புத்தகம் அம்மா பெயரில். கடைசியில் வங்கி ஸ்டேட்மென்ட்டில் முகவரி அச்சிட்டு, கிளையின் முத்திரை வைத்து வாங்கிக் கொடுத்தோம். அதில் "மாரியம்மன் கோயில் பின்புறம்" என்று இருந்தது, பாஸ்போர்ட்டில் கதவு எண் மட்டும். இரண்டும் ஒரே வீடுதான் என்று நோட்டரியிடம் ஆங்கிலத்தில் பிரமாணப் பத்திரம். பெயர் வேறுபாட்டுக்கும் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிட்டது. நான் செய்த நல்ல காரியம் இதை வங்கி கேட்கும் முன்பே தயார் செய்து வைத்ததுதான். ஈபி கார்டு பெயர் மாற்றத்துக்கும் அந்த வாரமே எழுதிக் கொடுத்தோம்.

சொத்து எப்படி வந்தது என்ற கேள்விதான் அப்பாவைப் புண்படுத்தியது. படிவத்தில் அவர் பெயருக்கு எதிரே அந்தக் கட்டம் இருந்தது. நான் தமிழில் படித்துச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஏங்கண்ணு, நாம என்ன திருடிட்டமா?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிறார்கள் அப்பா, சிங்கப்பூர்க்காரரிடமும் கேட்கிறார்கள் என்று சொன்னேன். அவர் எழுந்து போய் பீரோவிலிருந்து பழைய துணிப் பையைக் கொண்டுவந்தார். 1984-இல் தறி வாங்கிய ரசீது, 1991-இல் ஷெட் போட்ட கடன் பத்திரம், அதை அடைத்ததற்கு வங்கி கொடுத்த கடிதம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கூட மூன்று வருஷ வருமான வரித் தாக்கலையும் சேர்த்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். எங்கள் குடும்பத் தொழிலை ஆண்டு வாரியாக நான் எழுதிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது வங்கி

ஜூலை கடைசியில் நேரிலேயே போவது என்று முடிவு செய்தேன். கரூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம், அங்கிருந்து நேர் விமானம். இந்த முறை படிவத்தை நானே நிரப்பினேன். தொழில் குறியீட்டை ஏஜென்டிடம் சொல்லி ஜவுளி மொத்த வியாபாரம் என்று அந்த ஊர்க் கம்பெனிப் பதிவு அலுவலகமான அக்ராவின் பதிவிலேயே மாற்றியிருந்தேன். வரவு 1,60,000 வெள்ளி. நாடு இரண்டு. கையில் ஆறு வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆர்டர், ஒரு வருஷ ஏற்றுமதி இன்வாய்ஸ், சரக்கு வைக்கும் கிடங்கோடு போட்ட ஒப்பந்தம், துறைமுகத்தில் 9 சதவீத ஜிஎஸ்டி கட்டிய ரசீது. ஜவுளிக்கு அங்கே சுங்க வரி கிடையாது, அந்த ஜிஎஸ்டி மட்டும்தான். தறி ஷெட், தையல் பகுதி படங்கள். ஒரு பையில் சாம்பிள்.

அதிகாரி ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி. ஒன்றே கால் மணி நேரம் பேசினோம். முதல் கேள்வி, "ஏன் சிங்கப்பூர்?" வரி குறைவு என்று சொல்லும்படி ஊரில் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். எண்ணூறு வெள்ளிக்கு டிடி அனுப்ப மாட்டேன் என்று இரண்டு வாடிக்கையாளர் போனது, ஐரோப்பாவுக்கு இந்தக் கணக்கே தேவைப்படாதது. அந்த உணவகங்களில் ஒன்றில் அவர் சாப்பிட்டிருக்கிறார். சாம்பிள் நேப்கினை எடுத்துப் பார்த்துவிட்டு, எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று கேட்டார். அதற்கப்புறம் பேச்சு எளிதாக ஓடியது.

இடறியது ஒரே ஒரு இடத்தில். "உங்கள் உள்ளூர் இயக்குநரை நேரில் பார்த்திருக்கிறீர்களா?" இல்லை என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் குறித்துக்கொண்டார். "சந்தித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்" என்றார். மறுநாளே ஏஜென்ட் அலுவலகத்தில் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்ற கணக்காளர், பொறுப்பான மனிதர். 2025 ஜூன் 9-இல் அமலுக்கு வந்த சட்டப்படி, இதைத் தொழிலாகச் செய்யும் நாமினி டைரக்டரைப் பதிவு பெற்ற ஏஜென்ட்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், அவர் தகுதியானவரா என்று ஏஜென்ட் சரிபார்த்திருக்க வேண்டும். அந்தத் தாளின் நகலையும் வாங்கிக்கொண்டேன். கம்பெனியில் தப்பு நடந்தால் சட்டத்தின் முன் அவரும் இயக்குநர்தான். நான் என்ன விற்கிறேன் என்று தெரிந்துகொள்ள அவருக்கும் உரிமை இருக்கிறது என்பது அவர் எதிரே உட்கார்ந்தபோதுதான் தோன்றியது. அவருக்கும் ஆறு நேப்கின் கொடுத்துவிட்டு வந்தேன். கணக்கில் கையெழுத்து அதிகாரம் எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான், அவருக்குக் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

அன்று மத்தியானம் மார்க்கெட் ஸ்ட்ரீட் வழியாக நடந்தேன். நம் ஆட்கள் செட்டித்தெரு என்று சொன்ன தெரு அது. நகரத்தார் கிட்டங்கிகள், அதாவது வட்டித் தொழில் நடத்திய கூடங்கள், வரிசையாக இருந்து, தரையில் பெட்டியடி போட்டு உட்கார்ந்து கடன் கொடுத்த இடம். 1970-களில் இடித்துவிட்டார்கள், இப்போது அண்ணாந்து பார்க்கும் கட்டடங்கள். அந்தப் பெட்டியடிக்குப் போனவனையும் யார் மகன், எந்த ஊர், சரக்கு எங்கே என்று கேட்காமலா பணம் கொடுத்திருப்பார்கள்? சிங்கப்பூரில் கிளை வைத்திருக்கும் இந்திய வங்கிகளிலும் விசாரித்தேன். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-இல் தொடங்கியபோதே காரைக்குடி, சென்னையோடு ரங்கூனிலும் கிளை திறந்த வங்கி, நம் தாள்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்ற நினைப்பு. கேட்கிற தாள் எங்கேயும் ஒன்றுதான். அத்தனை பேரும் நாணய ஆணையத்தின் கறுப்புப் பணத் தடுப்புக்கான அதே 626-ஆம் அறிவிப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆகவே எளிதாக எங்கே திறப்பார்கள் என்று தேடி அலைய வேண்டாம்.

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் கணக்கு எண் வந்தது. நேரில் பேசியதிலிருந்து இருபத்து நான்கு நாள். அதற்குள் மூன்று முறை கூடுதல் விவரம் கேட்டார்கள், மூன்று முறையும் அன்றைக்கே அனுப்பினேன். இயக்குநர் குழுத் தீர்மானத்தில் நாமினி டைரக்டர் கையெழுத்துக்கு மட்டும் ஐந்து நாள் போனது.

இப்போது எப்படி இருக்கிறது

வெளிநாட்டுக்காரர் கம்பெனி என்பதால் திறக்க ஒரு தனிக் கட்டணம், மாதம் 35 வெள்ளி, சராசரி இருப்பு 10,000 வெள்ளிக்குக் கீழே போனால் இன்னொரு கட்டணம். எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு அந்த இருப்பு கனம்தான், மூலதனத்தின் ஐந்தில் ஒரு பங்கு சும்மா கிடக்கிறது. வருஷத்துக்கு நாமினி டைரக்டர், செக்ரட்டரி, ஆடிட்டர், வங்கி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஐயாயிரம் வெள்ளியைத் தொடுகிறது. வருஷம் ஐம்பதாயிரம் வெள்ளிக்குக் குறைவாக விற்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இந்தியாவிலிருந்தே பில் போட்டு, பணத்தை இங்கேயே வாங்கும் வழிகள் போதும்.

சேவை நன்றாக இருக்கிறது. பேநவ்வில் போட்ட பணம் அடுத்த நொடி ஆப்பில் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமையும் தெரிகிறது. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் போனில் யாரையாவது பிடிக்க வேண்டுமென்றால் மதியம் மூன்று மணிக்குள் கூப்பிட வேண்டும். கரூருக்குச் சரக்குப் பணம் அனுப்ப ஒவ்வொரு முறையும் இன்வாய்ஸ் கேட்கிறார்கள், கொடுத்தால் அன்றைக்கே போகிறது. விலையை நம் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க முடியாது, சொந்தக் கம்பெனிக்கு விற்றாலும் சந்தை விலையில்தான் விற்க வேண்டும் என்று ஆடிட்டர் முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டார். பழைய ஆப்பையும் மூடவில்லை, டாலரில் வாங்கும் ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக வைத்திருக்கிறேன்.

நாலு மாதத்தில் அந்த அதிகாரி வேறு பிரிவுக்குப் போய்விட்டார். புதிதாக வந்த இளைஞர் மறுவாரமே மின்னஞ்சல் போட்டார். உங்கள் தொழில் என்ன, யாருக்கு விற்கிறீர்கள், ஏன் சிங்கப்பூர். தையல் பகுதியில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் துணிப் பைத் தாள்களிலிருந்து போன மாத இன்வாய்ஸ் வரை ஒரே ஃபோல்டரில் இருந்தது. அனுப்பிவிட்டு நேப்கின் கட்டுகளை எண்ணப் போனேன்.